மெத்தோஸை மன்னிக்க டங்கனுக்கு உரிமை உண்டா? ‘ஹைலாண்டர்’ தொடர் பற்றி ஒரு விவாதம்

#1 வில்லிவாக்கத்தான்

நண்பர்களுக்கு வணக்கம். தொடர் முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டதால் கதையின் முடிச்சுகளை மறைக்காமல் எழுதுகிறேன். இனிமேல்தான் பார்க்கப் போகிறோம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

1986ஆம் ஆண்டு வந்த ‘ஹைலாண்டர்’ திரைப்படத்தின் கிளையாக, 1992 முதல் 1998 வரை ஆறு பருவங்களில் 119 அத்தியாயங்கள் ஓடிய தொலைக்காட்சித் தொடரைப் பற்றித்தான் பேசுகிறேன். படத்தின் நாயகன் கானர் மெக்லௌட். தொடரின் நாயகன் அதே குலத்தைச் சேர்ந்த டங்கன் மெக்லௌட், நடித்தவர் அட்ரியன் பால். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு இருந்த ஒரே வீட்டின் கூடத்தில், பத்துப் பதினைந்து பையன்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து இதை முதலில் பார்த்தேன். அப்போது ஆங்கிலம் பாதிதான் புரியும். வாளும் மின்னலும் முழுதாகப் புரிந்தன.

அறியாதவர்களுக்காகக் கதையின் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். இறவாதவர்கள் எல்லோரும் பெற்றவர் இன்னாரென்று தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தைகள். ஒருமுறை அகால மரணம் அடைந்து எழுந்த பிறகு அவர்களுக்கு வயது ஏறாது, பிள்ளைப்பேறும் கிடையாது. தலையைத் துண்டித்தால் ஒழியச் சாவில்லை; அப்படித் துண்டித்தவனுக்குள் மாண்டவனின் ஆற்றல் முழுவதும் மின்னலாக இறங்கும், அதற்குக் குவிக்கனிங் என்று பெயர். ஒருவரோடு ஒருவர்தான் மோத வேண்டும், புனித நிலத்தில் வாளை உருவக்கூடாது, கடைசியில் ஒருவர் மட்டுமே மிஞ்சுவார். டங்கன் பிறந்தது 1592இல், ஸ்காட்லாந்தின் கிளென்ஃபின்னன் என்ற ஊரில். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மதராசப்பட்டினத்து மணலில் இடம் வாங்கியபோது அவனுக்கு 47 வயது. நம் ஊரைவிட மூத்தவன்!

வாள் சண்டைக்காகத் தொடங்கிய பற்று இன்றுவரை நீடிப்பதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு வாரமும் டங்கனின் கதவைத் தட்டுவது அவனுடைய பழைய காலம்தான். எப்போதோ ஒரு நூற்றாண்டில் அவன் செய்ததோ செய்யத் தவறியதோ ஆளாக உருவெடுத்து வந்து நிற்கும். அவனுடைய காதலி, சிற்பி டெஸ்ஸா, இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் இறந்துபோகிறாள். இறவாதவர்களின் வாளுக்கு அவள் பலியாகவில்லை, தெருவில் பணத்துக்காக வந்த ஒருவன் சுட்ட குண்டுக்குப் பலியானாள். அந்த அத்தியாயம் முடிந்ததும் கூடத்தில் இருந்த பையன்கள் யாரும் எழுந்திருக்கவில்லை என்பது எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் பருவத்தில் மெத்தோஸ் வருகிறான். இறவாதவர்களிலேயே மூத்தவன், 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது. இறவாதவர்களை மறைவில் கண்காணித்து வரலாறு எழுதும் வாட்சர்கள் என்ற கூட்டத்துக்குள்ளேயே ஆடம் பியர்சன் என்ற பெயரில் நுழைந்து, தன்னைப் பற்றிய ஆய்வைத் தானே நடத்திக்கொண்டிருந்தவன். பியர் குடிப்பான், கிண்டல் செய்வான், சண்டை என்றால் ஒதுங்கிப் போவான். ஐந்தாம் பருவத்தில், இரண்டு பகுதிகளாக வந்த கதையொன்றில், கசாண்ட்ரா என்ற பெண் டங்கனிடம் வந்து, 3,000 ஆண்டுகளுக்கு முன் தன் மக்களைக் கொன்று குவித்துத் தன்னை அடிமையாக்கியவர்களில் மெத்தோஸும் ஒருவன் என்கிறாள். குரோனோஸ், காஸ்பியன், சைலஸ், மெத்தோஸ்: நான்கு குதிரைவீரர்கள். டங்கன் உண்மையா என்று கேட்கிறான். மெத்தோஸ் மறுக்கவில்லை. கொன்றது நூறல்ல, பத்தாயிரம் என்கிறான். பழிக்காகவும் அல்ல, பேராசையாலும் அல்ல, பிடித்திருந்தது, அதனால் கொன்றேன் என்கிறான். அந்நாளில் தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி காட்டியது தன்னைச் சொல்லித்தான் என்கிறான்.

இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட கணக்கும் உண்டு. பிற்காலத்தில் பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் ஐந்தாம் பருவத்தின் குறுந்தட்டுகளை வாங்கினேன். முதல் பகுதி இருந்தது. இரண்டாம் பகுதி இருக்க வேண்டிய தட்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டேன், தீர்ப்பு மட்டும் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. அந்த மூன்று ஆண்டுகளும் நானே நீதிபதியாக இருந்து விடுதலை என்று எழுதி வைத்திருந்தேன். முன்பொருமுறை தன் தலையையே டங்கனுக்குத் தர முன்வந்தவன் மெத்தோஸ். தீய ஆற்றல் ஏறி டங்கன் நிலைதவறிக் கிடந்தபோது அவனை மீட்டவன். சாகப்போகிறாள் என்று தெரிந்தும் அலெக்சா என்ற பெண்ணை நேசித்து, அவளைக் காப்பாற்றக் களவுக்கும் துணிந்தவன். குதிரைமேல் வந்தவனும் இவனும் ஒருவனல்ல என்பதே என் கட்சி. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

#2 மாடவீதிக்காரி

வில்லிவாக்கத்தாரே, தாங்கள் அடுக்கியுள்ள நற்சான்றுகள் அனைத்தும் டங்கனின் பக்கத்திலிருந்து வந்தவை. டங்கனைக் காப்பாற்றினான், டங்கனுக்குத் தலை தர வந்தான், டங்கனின் நண்பர் ஜோ டாசனின் மதுக்கடையில் வேலை செய்த பெண்ணை நேசித்தான். கசாண்ட்ராவுக்கு அவன் செய்த நன்மை ஏதேனும் ஒன்றைச் சொல்ல முடியுமா?

இந்தத் தொடர் நமக்கு ஒரு தந்திரம் செய்திருக்கிறது என்பது என் எண்ணம். மெத்தோஸை மூன்றாம் பருவத்திலேயே நம் வீட்டுப் பிள்ளைபோல் பழக்கிவிட்டு, நம் அன்பு ஊறிய பிறகுதான் ஐந்தாம் பருவத்தில் அவன் கைக்கறையைக் காட்டுகிறார்கள். கசாண்ட்ரா மொத்தத் தொடரிலும் வருவது மூன்றே அத்தியாயங்களில். ஒருவனை இரண்டு ஆண்டுகள் பார்த்துச் சிரித்துப் பழகியவர்களும், ஒருத்தியை மூன்று மணி நேரம்கூடப் பார்க்காதவர்களும் கூடித் தீர்ப்புச் சொன்னால் அது யார் பக்கம் சாயும்? மெத்தோஸாக வரும் பீட்டர் விங்ஃபீல்டின் நடிப்பு அருமை என்பதை மறுக்கவில்லை. அந்த அருமைதான் இங்கே இடைஞ்சல். கதை அதே வரிசையில் இல்லாமல், முதலில் குதிரைவீரனையும் பிறகு பியர் கோப்பையையும் காட்டியிருந்தால், தாங்கள் மூன்று ஆண்டுகள் காத்திராமல் மூன்று நிமிடங்களில் தூக்குத்தண்டனை எழுதியிருப்பீர்கள்.

#3 கிண்டி மாணவன்

அண்ணா, நான் இணையத்தில் துண்டுக் காட்சிகளாகத்தான் பார்த்திருக்கிறேன், எனவே தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பத்து ஆண்டுகளுக்கு முன் பள்ளியில் நான் செய்த காரியங்களுக்கு இப்போதைய என்னைக் கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்தப் பையன் வேறு, நான் வேறு என்று தோன்றுகிறது. பத்து ஆண்டுகளுக்கே இப்படியென்றால், 3,000 ஆண்டுகளில் எத்தனை பேராக மாறியிருப்பான் ஒருவன்? பெயர் மட்டும் ஒன்றாக இருப்பதால் தண்டிப்பது, வீட்டை விற்றுவிட்டுப் போனவர் பாக்கி வைத்த மின்கட்டணத்தைப் புதிதாகக் குடிவந்தவரிடம் கேட்பதுபோல் இல்லையா?

#4 வராண்டா வக்கீல்

மாணவத் தம்பியின் மின்கட்டண உவமை நன்றாக இருந்தாலும், வாரியம் பெரும்பாலும் புதிதாகக் குடிவந்தவரிடம்தான் கேட்கும் என்பதைத் தங்கள் பெற்றோரிடம் விசாரித்துக்கொள்ளவும்.

உயர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் பாதி வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சட்டம் இதை எப்படிப் பார்க்கும் என்று சொல்கிறேன். குற்ற வழக்குகளுக்குக் காலவரம்பு என்ற ஒன்று நம் நாட்டில் உண்டு. ஆனால் அது சிறு குற்றங்களுக்கு மட்டுமே. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு, அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்கதற்கு ஓராண்டு, மூன்றாண்டு வரை விதிக்கத்தக்கதற்கு மூன்றாண்டு என்று வரம்பு வைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 514ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. கொலைக்கு வரம்பே கிடையாது. மூன்று நாள் கழிந்தாலும் மூவாயிரம் ஆண்டு கழிந்தாலும் வழக்கு வழக்குத்தான்.

காலம் கடந்த வழக்குகளை நீதிமன்றங்கள் விரும்பாததற்கு ஒரு காரணம் உண்டு. சாட்சிகள் இறந்துபோவார்கள், நினைவு மங்கும், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன் பக்கத்தை மெய்ப்பிக்க வழியின்றித் தவிப்பார். இந்த வழக்கில் அந்தக் காரணம் எதுவும் செல்லாது. பாதிக்கப்பட்டவளே நேரில் கண்ட சாட்சி, அவளுக்கு ஞாபகம் குன்றவில்லை. எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். இதைவிடத் தெளிவான வழக்கு என் அனுபவத்தில் வந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. கொலை வழக்கை இரு தரப்பும் கூடிப் பேசி முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது, ஏனெனில் வழக்கை நடத்துவது அரசு. இறவாதவர்களுக்கு அரசு என்று எதுவும் இல்லை. மூன்று ஆட்ட விதிகள் இருக்கின்றன, அவ்வளவே. அரசில்லாத இடத்தில் வாதியும் நீதிபதியும் தண்டனையை நிறைவேற்றுபவரும் ஒரே ஆளாக, கையில் வாளோடு நிற்க வேண்டியிருக்கிறது. தொடரின் உண்மையான அவலம் அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

தண்டனையைப் பற்றி ஒரு சந்தேகம். ஆயுள் தண்டனை என்றால் எஞ்சிய இயற்கை ஆயுள் முழுவதும் என்று 1961இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மெத்தோஸுக்கு அதை விதித்தால் எந்தச் சிறைக் கண்காணிப்பாளர் கணக்கு வைப்பார்?

#5 மாடவீதிக்காரி

வக்கீல் ஐயா சொன்ன சாட்சி விஷயம்தான் இதில் முக்கியமானது. தம்பி கிண்டி மாணவரே, மூவாயிரம் ஆண்டுகளில் அவன் வேறொருவனாகிவிட்டான் என்றால், அதே மூவாயிரம் ஆண்டுகளில் அவளும் வேறொருத்தியாகியிருக்க வேண்டுமே? அவள் ஆகவில்லை. அவனைக் கண்ட கணத்தில் அவள் உடல் நடுங்குகிறதே, அந்த நடுக்கத்துக்கு வயது 3,000. மறந்துபோவது அடித்தவனுக்குக் கிடைக்கும் சலுகை.

#6 தாம்பரம் தாத்தா

அனைவருக்கும் வணக்கம். பேரன் இந்த இழையைக் காட்டினான். தொடரின் இரண்டு அத்தியாயங்களையும் நேற்று மாலை அவனோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஆகையால் கதை தெரியாமல் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். ஆங்கிலம் வேகமாகப் போனது, பேரன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

எனக்கு இந்தக் கதையைப் பார்த்ததும் அசுவத்தாமன்தான் நினைவுக்கு வந்தான். நாம் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் சிரஞ்சீவி என்று அச்சடிக்கிறோம். அந்தச் சிரஞ்சீவிகளின் வரிசையில் மகாபலி, வியாசர், அனுமன், விபீடணன், கிருபர், பரசுராமர் ஆகியோரோடு அசுவத்தாமனும் இருக்கிறான் என்பதை அச்சடிப்பவரும் நினைப்பதில்லை, அச்சடிக்கச் சொல்பவரும் நினைப்பதில்லை. மற்றவர்களுக்கு வரமாக வந்தது அவனுக்குச் சாபமாக வந்தது. பதினெட்டாம் நாள் போர் முடிந்த இரவில், பாசறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை வெட்டியவன் அவன். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் அதில் போனார்கள். வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய பாரதமும் அந்த இரவைச் சொல்லும் சௌப்திக பருவத்தோடுதான் முடிகிறது.

என் சொந்த ஊர் செங்கல்பட்டுக்கு அப்பால். திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து விடியவிடிய நடக்கும். போரின் கடைசி நாளை நடித்துக் காட்டும் படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு நீளமாகத் தரையில் படுக்க வைத்திருப்பார்கள், பீமன் வேடக்காரர் தொடையில் அடித்ததும் அம்மன் கூந்தலை முடிவாள், மாலையில் தீமிதி. சிறுவனாக அதைப் பார்த்து மகிழ்ந்து குலவையிடும் பெண்களுக்கு நடுவே நின்றபோது என் பாட்டி மட்டும் குலவை இடவில்லை. கேட்டதற்கு, ‘இன்னிக்கு ராத்திரிதான்டா அவ புள்ளைங்க சாவப் போவுது’ என்றாள். கூந்தல் முடித்த அன்றிரவே பிள்ளைகள் போனார்கள் என்பது அதுவரை எனக்கு உறைத்ததில்லை.

அசுவத்தாமனுக்குக் கிடைத்த தண்டனை என்ன? கண்ணன் சாபமிட்டான்: துணை யாரும் இன்றி, பேச ஆளின்றி, இரத்தமும் சீழும் நாற, 3,000 ஆண்டுகள் காடுகளில் அலைவாய் என்று. எண்ணைக் கவனியுங்கள். கசாண்ட்ராவின் ஊர் அழிந்து 3,000 ஆண்டு என்று அந்தத் தொடரில் கேட்டதும் நான் பேரனிடம் நிறுத்தச் சொல்லிவிட்டேன். எழுதியவர்கள் பாரதம் படித்தவர்களா இல்லையா என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை. எண்கள் வந்து பொருந்திவிட்டன. ஆனால் நம் கதையில் அந்த 3,000 ஆண்டு முடிந்த மறுநாள் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. புண் ஆறியதா, யாராவது அவனுக்கு ஒரு வாய் சோறு போட்டார்களா, அவன் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தான் என்று கூத்தில் பாட்டு இல்லை. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் தொடர் அந்த மறுநாளைக் கதையாக்கியிருக்கிறது.

ஒரு வேறுபாடும் உண்டு. அசுவத்தாமனைக் கண்டால் எவரும் விலகிப்போகும்படி அவன் உடம்பிலேயே அடையாளம் இருந்தது. இந்த மெத்தோஸுக்கு அது கிடையாது. நல்ல முகம், நல்ல சட்டை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் நாமும் பேசுவோம். சாபத்தின் காலம் ஓடியது, சாபம் மட்டும் அவன்மேல் ஏறவேயில்லை.

திரௌபதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைக் கொன்றவனைக் கொன்று அவன் தலைமணியைக் கொண்டுவரும்வரை உண்ணமாட்டேன் என்று உட்கார்ந்தாள். கடைசியில் மணி வந்தது, அவன் உயிரோடு போனான். குருவின் மகன் என்று அவள் அதோடு விட்டாள். கவனியுங்கள், விட்டது அவள். தருமனோ பீமனோ அர்ச்சுனனோ அவளுக்காக அவனை மன்னிக்கவில்லை.

#7 வில்லிவாக்கத்தான்

ஐயா, தங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இரவில் மூன்றாம் முறை என் மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாட்டியம்மா குலவையிடாத இடத்தில் அவள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள், எங்கள் வீட்டில் அது சாதாரணமாக நடப்பதில்லை.

தங்கள் அசுவத்தாமனைப் பிடித்துக்கொண்டே தொடருக்குள் திரும்பிச் சென்றால் இன்னொருவன் தென்படுகிறான். அவன் பெயர் டங்கன் மெக்லௌட். 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் என்ற இடத்தில் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படை ஆங்கிலேய அரசுப் படையிடம் முற்றாக அழிந்தது வரலாறு. காயம்பட்டுக் கிடந்தவர்களைக்கூட விடாமல் கொன்றார்கள் என்பதும் வரலாறு. தொடரில் டங்கன் அந்தக் களத்தில் இருந்தவன். போருக்குப் பிறகு அவன் பழிவெறியில் செய்தவற்றைத் தொடர் மறைக்கவில்லை. ஐந்தாம் பருவத்திலேயே, குதிரைவீரர் கதைக்குச் சில அத்தியாயங்கள் தள்ளி, கீன் என்ற இன்னோர் இறவாதவன் வந்து, கலோடனுக்குக் காரணமான பிரபு ஒருவரைக் களத்தில் அல்லாமல் அவருடைய வீட்டுக்குள் புகுந்து கொன்றதற்காக டங்கனிடம் கணக்குக் கேட்கிறான். டங்கன் மறுக்கவில்லை. நான் அந்த அத்தியாயத்தை இத்தனை காலமும் ‘வழக்கமான ஒரு வாரத்துச் சண்டை’ என்று கடந்துபோயிருக்கிறேன். இப்போதுதான், குதிரைவீரர் கதைக்குப் பின்னால் அதை வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று படுகிறது. மெத்தோஸின் முகத்தைப் பார்த்து உன் நட்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவனின் கையிலும், இரவில் வீடு புகுந்து கொன்ற இரத்தம் இருந்திருக்கிறது. 251 ஆண்டுகள் பழையது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே என் கட்சியைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். மெத்தோஸ் வேறொருவனாகிவிட்டான் என்று நான் வாதிட்டது பிழை. அவனே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வாக்குமூலத்தில் அவன் ஓரிடத்திலும் ‘அவன்’ என்று பேசவில்லை, எல்லாம் ‘நான்’. எனக்கு அவன்மேல் இருக்கும் பற்றுக்கு உண்மைக் காரணம் அந்த ‘நான்’தான் என்று இப்போது நினைக்கிறேன்.

#8 கிண்டி மாணவன்

நானும் என் மின்கட்டணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் ஒரு கேள்வி. அப்படியானால் கடைசியில் டங்கன் ஏன் தடுத்தான்? கசாண்ட்ரா மெத்தோஸின் தலைக்கு ஓங்கிவிட்டாளே.

#9 மாடவீதிக்காரி

நல்ல கேள்வி. அந்தக் காட்சியை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். போர்தோ நகரத்தில், கைவிடப்பட்ட நீர்மூழ்கிக் கப்பல் தளம். டங்கன் குரோனோஸை வெட்டுகிறான், அதே நேரத்தில் மெத்தோஸ் தன் பழைய கூட்டாளி சைலஸை வெட்டுகிறான். இரண்டு குவிக்கனிங்கும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அடிக்கின்றன. தொடரில் எத்தனையோ மின்னல்களைப் பார்த்துச் சலித்த எனக்கும் அது ஒன்று மறக்கவில்லை. ஓய்ந்த பிறகு மெத்தோஸ் மண்டியிட்டுக் கிடக்கிறான், கசாண்ட்ரா ஆயுதத்தை ஓங்குகிறாள். டங்கன் கத்துகிறான். என்ன கத்துகிறான் என்பதுதான் விஷயம். அவனை மன்னித்துவிடு என்று அவன் சொல்லவில்லை. அவன் திருந்திவிட்டான் என்றும் சொல்லவில்லை. அவன் உயிரோடு இருக்க வேண்டும், அது என் விருப்பம் என்றுதான் சொல்கிறான்.

இந்த இழையின் தலைப்பில் வில்லிவாக்கத்தார் கேட்ட கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது என்பேன். மன்னிக்க டங்கனுக்கு உரிமை இல்லை, அதை அவனும் அறிவான், அதனால்தான் அந்தச் சொல்லை அவன் வாயில் எடுக்கவில்லை. உரிமை உடையவளிடம் தன் ஆசையைச் சொல்லிக் கெஞ்ச மட்டுமே அவனால் முடிந்தது. அவள் ஆயுதத்தை இறக்குகிறாள், போய்விடுகிறாள். மன்னித்தேன் என்று அவளும் சொல்லவில்லை. தாத்தா ஐயா சொன்னதுபோல், விட்டது அவள், விட்டாள், அவ்வளவுதான். அதன்பின் தொடர் அவளை மறுபடி அழைத்துவரவே இல்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. அவள் எங்கே போனாள், அந்த இரவு எப்படித் தூங்கினாள் என்று ஓர் அத்தியாயம் எழுத 119இல் இடமில்லாமல் போயிற்று. ஆனால் இப்போது யோசித்தால், அவள் திரும்பி வந்திருந்தால் எழுதியவர்கள் அவளை எப்படியாவது மெத்தோஸோடு சமாதானம் ஆக்கியிருப்பார்களோ என்ற பயமும் வருகிறது.

#10 வராண்டா வக்கீல்

அம்மா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். இறுதியில் டங்கனும் மெத்தோஸும் பேசிக்கொள்ளும் இடத்தையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். குரோனோஸை நீயே ஏன் கொல்லவில்லை என்பதற்கு மெத்தோஸ் சொல்லும் விடையின் சாரம் இது: அவன் சாகத் தகுந்தவன் என்று நான் தீர்ப்பளித்தால் எனக்கும் அதே தீர்ப்பை அளித்தாக வேண்டும், எனக்கோ வாழ ஆசை. முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான எதிரிகளின் வாக்குமூலத்தைக் கேட்டிருக்கிறேன். ஏழ்மை, கோபம், குடி, கூடாநட்பு என்று ஏதாவது ஒன்றைத் துணைக்கு அழைக்காமல் பேசியவர்கள் மிகக் குறைவு. எனக்கு வாழ ஆசை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்பவனை என்ன செய்வதென்று எனக்குச் சட்டம் சொல்லித்தரவில்லை.

#11 தாம்பரம் தாத்தா

பேரனைக் கெஞ்சிக் கடைசிக் காட்சியை இன்று காலை இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தேன். ஒன்று கண்ணில் பட்டது, நீங்கள் ஒருவரும் எழுதாததால் எழுதுகிறேன். அந்த மெத்தோஸ் மண்டியிட்டு அழுகிறான் அல்லவா, அதைப் பார்த்து எனக்கும் முதல்நாள் நெஞ்சு இளகிவிட்டது. இன்று காதைத் தீட்டிக் கேட்டேன். சைலஸைக் கொன்றுவிட்டேனே, எனக்கு அவனைப் பிடிக்குமே என்றுதான் அழுகிறான். கசாண்ட்ரா அவன் தலைமாட்டில்தான் நின்றுகொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்து அழவில்லை தம்பி.

#12 வில்லிவாக்கத்தான்

ஐயா, இருபது தடவைக்குக் குறையாமல் பார்த்த காட்சி அது. ஒவ்வொரு தடவையும் அவனோடு சேர்ந்து நானும் கண் கலங்கியிருக்கிறேன், யாருக்காக அழுகிறான் என்று ஒரு தடவையும் கேட்டுக்கொள்ளவில்லை. மகள் தேர்வு முடித்துவிட்டு வந்ததும் இரண்டு பகுதிகளையும் மறுபடி போடுகிறோம். இம்முறை கசாண்ட்ராவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன்.